நூலகவியலில் ஏன் இத்தனை புதிய ஆய்விதழ்கள்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரி நூலகர்கள் சேர்ந்திருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இப்படி ஓர் அழைப்பு அடிக்கடி கண்ணில் படும்: "நூலக, தகவல் அறிவியலுக்கான புதிய பன்னாட்டு ஆய்விதழ். முதல் இதழுக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன. கடைசித் தேதி வரும் வெள்ளிக்கிழமை. ஐந்தே நாளில் வெளியீடு, சான்றிதழ் உண்டு." கீழே ஒரு கைபேசி எண், அதன் கீழே கட்டண விவரம். யாராவது ஒருவர் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போவார். மற்றவர்கள் கடந்து போவார்கள்.

இந்தத் துறையில் ஏற்கெனவே வருகிற இதழ்களையே யாரும் முழுதாகப் படித்து முடிப்பதில்லை. அப்புறம் ஏன் புதிதாக ஒன்று? அழைப்பில் எழுதியிருக்கும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: துறையில் ஒரு வெற்றிடம் இருக்கிறதாம், அதை நிரப்ப வருகிறார்களாம். சில இதழ்களின் விஷயத்தில் அது உண்மைதான். மற்றவை பிறந்த காரணம் வேறு. வாசிக்கிறவருக்குத் தேவைப்பட்டுத் தொடங்கினார்களா, எழுதுகிறவருக்குத் தேவைப்பட்டுத் தொடங்கினார்களா என்று பார்த்தால் பெரும்பாலும் விஷயம் பிடிபட்டுவிடும்.

ஆய்விதழ் என்ற ஏற்பாடே வாசகர் பக்கமிருந்து வந்ததுதான். 1665-ல் ஜனவரியில் பாரிசிலும் மார்ச்சில் லண்டனிலும் முதல் இரண்டு ஆய்விதழ்கள் தொடங்கின. லண்டன் இதழை நடத்திய ஹென்றி ஓல்டன்பர்க், ராயல் சொசைட்டியின் செயலர். ஐரோப்பா முழுவதிலிருந்தும் அவருக்கு அறிவியல் கடிதங்கள் வந்து குவிந்தன. அச்சில் போட்டால் வேண்டியவர்கள் எல்லோரும் படித்துக்கொள்ளலாம் என்று தன் கைக்காசைப் போட்டுத் தொடங்கினார். லாபமும் வரும் என்று எதிர்பார்த்தார், அது அவ்வளவாக வரவில்லை.

நூலகத் துறையின் முதல் பெரிய இதழ்களில் ஒன்று அமெரிக்காவில் 1876-ல் வந்தது. மெல்வில் டியூயியும் நண்பர்களும் தொடங்கிய 'லைப்ரரி ஜர்னல்' அது. அமெரிக்க நூலகச் சங்கம் உருவானதும் அதே ஆண்டு, நூல்களை எண்ணிட்டு அடுக்க உதவும் டியூயி தசம வகைப்பாட்டின் முதல் பதிப்பு வெளியானதும் அதே ஆண்டு. சங்கம், கருவி, இதழ் மூன்றும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல் இல்லை. "நாங்கள் அலமாரிக்குக் காவல் இருக்கிறவர்கள் இல்லை, இது ஒரு தொழில்துறை" என்று அறிவிக்க இம்மூன்றும் வேண்டியிருந்தன. சங்கம் பிறந்ததும் அதற்கென்று ஓர் இதழ் பிறப்பதை அதற்குப் பிறகு நாட்டுக்கு நாடு பார்க்கலாம்.

நம் நாட்டில் பரோடாவில் 1912-லேயே 'லைப்ரரி மிசலனி' வந்துவிட்டது. ஆனால் இங்கே இதழ்களின் கதையை எழுத உட்கார்ந்தால் பேனா தானாகச் சீர்காழிப் பக்கம் திரும்பிவிடும். 1892-ல் அங்கே பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் வகைப்பாடு 1933-ல், சுதந்திர இந்தியாவில் முதலாவதான மதராஸ் பொது நூலகச் சட்டம் 1948-ல் என்பது நூலகவியல் படித்த எல்லோருக்கும் மனப்பாடம். அவர் இதழ்களைத் தொடங்கிய கதை அவ்வளவு பேசப்படுவதில்லை. இந்திய நூலகச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது 1949-ல் 'அப்கிலா', 1952-ல் ஏற்பட்ட இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையத்திலிருந்து 1954-ல் 'அனல்ஸ் ஆஃப் லைப்ரரி சயின்ஸ்', பெங்களூரில் 1962-ல் ஆவணவியல் ஆய்வு மற்றும் பயிற்சி மையம் அமைந்த பிறகு 1964-ல் இன்னொரு இதழ் என்று, ஒரே ஆயுளில் மூன்று.

ஏன் மூன்று? ஒவ்வொரு முறையும் கையில் இருந்த சரக்கு மாறியிருந்தது. சங்கத்துக்குச் செய்தியும் விவாதமும் போட ஓர் இடம் வேண்டும். அறிவியல் ஆவண மையத்துக்கு ஆவணவியல் கட்டுரைகளுக்கான இடம் வேண்டும். பெங்களூரு மையத்தில் வகைப்பாட்டு ஆய்வு நாளுக்கு நாள் நடந்துகொண்டிருந்தது, அந்த அளவு நுட்பமான வேலையை அப்படியே வாங்கிப் போட வெளியில் இதழ்கள் குறைவு. எழுதுகிறவர்தான் வாசிக்கிறவரும் என்ற சின்ன வட்டம் அது. இன்று எழுதினால் நாளைக்கு யாராவது அதை எடுத்து வகுப்பில் பயன்படுத்துவார்கள். 1954-ன் இதழ் பெயரைச் சற்று மாற்றிக்கொண்டு இன்றும் டெல்லியிலிருந்து வருகிறது, 1964-ன் இதழும் வேறு பெயரில் வருகிறது.

பெயர் மாறுவதே தனிக்கதை. 1950-ல் 'அமெரிக்கன் டாகுமென்டேஷன்' என்று தொடங்கிய இதழ் 1970-ல் தகவல் அறிவியல் இதழ் ஆனது, 2001-ல் தொழில்நுட்பத்தையும் சேர்த்துக்கொண்டது, 2014-ல் தலைப்பிலிருந்து 'அமெரிக்க' என்ற சொல்லையும் கழற்றிவிட்டது. பழைய இதழ் இப்படி வளைந்துகொடுக்கும்போது புதிதாக ஒன்று தேவைப்படாது. வளைந்துகொடுக்காத இடத்தில்தான் கிளை வெடிக்கிறது. ஒரு கட்டுரையை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணி அறிவியலை அளக்கிறவர்கள் 1978-ல் 'சயின்டோமெட்ரிக்ஸ்' என்று தனியே போனார்கள். 2006-ல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து, சான்றுகளை வைத்து நூலக முடிவுகளை எடுப்பது பற்றி ஓர் இதழ் வந்தது. 2007-ல் நூலகங்களில் வேலை செய்கிற நிரலாளர்கள் 'கோட்ஃபோர்லிப் ஜர்னல்' என்று ஒன்று தொடங்கினார்கள். நூலகப் பட்டியலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பதிவுகள் உடைந்தால் என்ன செய்வது என்பது மாதிரியான விஷயத்தை நிரலோடு சேர்த்துப் போடுகிற இதழ் அது. பேராசிரியர்கள் நடத்தும் இதழில் அந்தக் கட்டுரைக்கு "கோட்பாட்டுச் சட்டகம் எங்கே?" என்று ஒரு குறிப்புத்தான் திரும்பி வரும். கிருஷ்ணகிரியில் கோஹா என்ற நூலக மென்பொருளோடு மல்லுக்கட்டுகிற ஒரு கல்லூரி நூலகருக்கு உதவுவது நிரலோடு வந்த கட்டுரைதான், சட்டகம் அல்ல.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறு துறைகளில் ஆய்விதழ் என்பது ஆய்வை வெளியிடும் இடம், அவ்வளவுதான். நூலகவியலில் அதுவே ஆய்வுப் பொருளும் ஆகிவிடும். ஓர் இதழ் பத்து ஆண்டு ஓடினால் போதும், அதில் எத்தனை கட்டுரை, எத்தனை ஆசிரியர், எந்த மாநிலத்தவர் என்று எண்ணி "ஒரு நூலியல் அளவை ஆய்வு" என்று வேறோர் இதழில் கட்டுரை வந்துவிடும். புதிய இதழ் பிறந்தால் பிற்காலத்துக்கு ஒரு தலைப்பும் பிறந்துவிடுகிறது.

அடுத்த காரணம் சண்டை. இதில் மற்ற துறைக்காரர்களைவிட நூலகருக்குக் கோபம் வர நியாயம் அதிகம். கட்டுரையை எழுதுகிறவர் ஆய்வாளர், வெளியிடலாமா என்று படித்துப் பார்த்து மதிப்பாய்வு செய்கிறவரும் ஆய்வாளர், இருவருக்கும் பெரும்பாலும் சம்பளம் இல்லை. அச்சாகி வந்த பிறகு சந்தா கட்டுவது நூலகம். அந்த விலைப்பட்டியலை ஆண்டுதோறும் கையில் வைத்துக்கொண்டு எந்த இதழை நிறுத்தலாம் என்று கணக்குப் போடுகிறவர் நூலகர். அவரே எழுதி, அவரே திருத்திக் கொடுத்த நூலகவியல் இதழையும் அவரே விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றால்?

1990-களின் கடைசியில் கல்விசார் நூலகங்களுக்கான ஒரு பழைய இதழ் எல்செவியர் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆசிரியர் குழுவில் பலர் விலகி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகத்தோடு சேர்ந்து 2001-ல் 'போர்ட்டல்' என்ற இதழைத் தொடங்கினார்கள். 2013 மார்ச்சில் நூலக நிர்வாகத்துக்கான ஓர் இதழின் ஆசிரியர் குழு மொத்தமும் பதவி விலகியது. அதன் பதிப்பாளர் டெய்லர் அண்ட் பிரான்சிஸ். தன் கட்டுரையின் மீது எழுதியவருக்கே போதிய உரிமை இல்லாத ஒப்பந்தம்தான் பிரச்சினை. ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று போராடிய ஆரன் ஸ்வார்ட்ஸ் இறந்தது அதே ஆண்டு ஜனவரியில். அவர் இறந்த சில நாட்களிலேயே, காசு கொடுத்தால்தான் திறக்கும் இதழில் எழுதுவது தன் மனசாட்சியை உறுத்தத் தொடங்கியதாகக் குழுவில் இருந்த ஒரு நூலகர் பிறகு வெளிப்படையாக எழுதினார்.

இவற்றில் முழுமையான எடுத்துக்காட்டு 2019 ஜனவரியில் நடந்தது. தகவல் அளவியலுக்கான ஓர் எல்செவியர் இதழின் ஆசிரியர் குழு முழுவதும் ஒரே நேரத்தில் விலகியது. அவர்கள் கேட்டது மூன்று விஷயம்: இதழின் உடைமை ஆய்வாளர் சமூகத்திடம் இருக்க வேண்டும், கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களும் பொதுவில் கிடைக்க வேண்டும். மூன்றாவதைக் கவனியுங்கள். மேற்கோள்களை எண்ணுவதுதான் அவர்கள் பிழைப்பு. தங்கள் சொந்த இதழின் மேற்கோள் தரவே பூட்டிக் கிடக்கிறது என்றால் எப்படிப் பொறுப்பார்கள்? அதே குழு எம்ஐடி அச்சகத்தோடு சேர்ந்து 'குவான்டிடேட்டிவ் சயின்ஸ் ஸ்டடீஸ்' என்ற இதழைத் தொடங்கியது. அதன் உடைமை துறையின் பன்னாட்டுச் சங்கத்திடம் இருக்கிறது. பழைய இதழும் வேறு குழுவோடு தொடர்கிறது. ஆக ஒரு சண்டையின் முடிவில் ஓர் இதழ் இருந்த இடத்தில் இரண்டு நிற்கின்றன. கோபத்தில் நியாயம் இருந்தாலும் எண்ணிக்கை என்னவோ கூடத்தான் செய்கிறது.

கோபப்பட்டால் மட்டும் இதழ் வந்துவிடாது, காசும் வேண்டும். அந்தத் தடையை உடைத்தது கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய பொது அறிவுத் திட்டம். 2001-ல் அவர்கள் வெளியிட்ட 'ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்' என்ற இலவச மென்பொருளை ஒரு சர்வரில் நிறுவிவிட்டால் கட்டுரை வாங்குவது, மதிப்பாய்வாளருக்கு அனுப்புவது, வெளியிடுவது எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும். இப்படிப்பட்ட மென்பொருளை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்தவர் கல்லூரியில் பெரும்பாலும் நூலகர்தான். நம் நாட்டில் இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண்ணை டெல்லியில் உள்ள நிஸ்பர் என்ற அரசு அறிவியல் நிறுவனத்தின் தேசிய மையம் கட்டணம் வாங்காமல் தருகிறது. பத்திரிகை நடத்தத் தலைப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் கல்விசார் ஆய்விதழுக்குக் கிடையாது, 2023-ன் பத்திரிகைப் பதிவுச் சட்டம் பருவ இதழ் என்ற வரையறையிலிருந்து அதை விலக்கிவிட்டது. சரி, இனி இதழ் தொடங்க என்ன வேண்டும்? ஒரு டொமைன், ஒரு மின்னஞ்சல், கொஞ்சம் துணிச்சல்.

இந்த எளிமையில் நல்லவையும் வந்தன, மற்றவையும் வந்தன. இந்தியாவில் மற்றவை அதிகமாக வந்ததற்கு நான் முதலில் கைகாட்டுவது மதிப்பெண்ணை. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏபிஐ என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. நூலகர்களுக்கும் அது பொருந்தியது. மதிப்பாய்வு உள்ள இதழில் ஒரு கட்டுரைக்கு 15, மதிப்பாய்வு இல்லாவிட்டாலும் ஐஎஸ்எஸ்என் எண் உள்ள 'நற்பெயர் பெற்ற' இதழ் என்றால் 10. நற்பெயரை யார் அளப்பது? எண்ணைத்தான் எளிதில் சரிபார்க்கலாம். ஐஎஸ்எஸ்என் என்பது இதழை அடையாளம் காண ஓர் எட்டிலக்கக் குறி, தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கோப்பு பார்க்கும் மேசையில் அதுவே தரச்சான்று ஆகிவிட்டது. போதாததற்கு 2016 விதிப்படி முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் பகுதிநேரமாக ஆய்வு செய்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். பகலில் வேலை, மாலையில் குடும்பம், நெறியாளர் சேலத்தில். நல்ல இதழ் பதில் சொல்லவே எட்டு மாதம் ஆகும். ஐந்து நாளில் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் மனசு எந்தப் பக்கம் போகும்?

அப்படி வெளியான கட்டுரைகளைப் புரட்டினால் ஒரே வார்ப்பு. தலைப்பு "இன்ன கல்லூரி மாணவர்களிடையே மின்வளங்களின் பயன்பாடும் விழிப்புணர்வும்: ஓர் ஆய்வு". நூற்றைம்பது வினாத்தாள் கொடுத்தோம், நூற்றுச் சொச்சம் திரும்பி வந்தது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, வாரத்துக்கு எத்தனை முறை நூலகம் வருகிறீர்கள், எல்லாவற்றுக்கும் சதவீத அட்டவணை. கடைசியில் பரிந்துரை: இணைய வேகத்தைக் கூட்ட வேண்டும், பயனர் பயிற்சி அளிக்க வேண்டும். கல்லூரிப் பெயரை மாற்றினால் அடுத்த கட்டுரை தயார். எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டது எண்ணிக்கை, கொடுத்தது எண்ணிக்கை. கல்லூரிகளில் நடக்கும் ஒருநாள் தேசியக் கருத்தரங்கமும் இதே வழிக்கு வந்துவிட்டது. காலையில் குத்துவிளக்கு, மாலையில் சான்றிதழ், படித்ததும் படிக்காததுமான கட்டுரைகள் எல்லாம் ஏதோ ஒரு புதிய இதழின் 'சிறப்பிதழ்' ஆகிவிடும்.

மானியக் குழுவும் சும்மா இருக்கவில்லை. 2017-ல் அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துப் பட்டியலில் ஏறியவற்றில் 1,009 இதழ்களை ஆய்வாளர் குழு ஒன்று சோதித்துப் பார்த்ததில் 88 சதவீதத்துக்கு மேல் தேறவில்லை. 2018 மே மாதம் ஒரே அடியில் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. 2019 ஜூனில் அதற்குப் பதிலாக 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2022-ல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதி போனது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் போனது, எந்த இதழ் நல்லது என்று அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த முடிவை எடுக்கும் குழுவில் வேதியியல்காரரும் வணிகவியல்காரரும் தமிழ்த்துறைக்காரரும் உட்கார்ந்திருப்பார்கள். இதழைச் சோதித்துப் பார்க்கப் பயிற்சி உள்ள ஒரே ஆள் நூலகர். போலி இதழ்களைப் பட்டியலிட்டு உலகுக்குக் காட்டிய ஜெஃப்ரி பீலும் டென்வரில் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர்தான். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதல் இதழிலேயே இம்பாக்ட் ஃபேக்டர் என்ற மேற்கோள் மதிப்பெண் போட்டிருந்தால் அது பொய், ஏனென்றால் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். ஆசிரியர் குழுவில் பெயர் இருப்பவரின் துறைப் பக்கத்துக்குப் போய், அவரும் இந்த இதழைச் சொல்கிறாரா என்று பார்க்கலாம். இதழ் நின்றுபோனால் கட்டுரைகள் எங்கே இருக்கும் என்று கேட்கலாம். 2000-க்கும் 2019-க்கும் இடையில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருந்த 174 இதழ்கள் இணையத்திலிருந்து தடமில்லாமல் போயிருக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காப்பதையே தொழிலாகக் கொண்ட துறையில் புதிய இதழ் தொடங்குகிறவர்கூட இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, நம் பக்கத்தில் வாசகருக்காக ஓர் இதழ் பிறக்க இடம் இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.54 சதவீதம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளை நூலகத்தில் எதைக் கேட்கத் தயங்குகிறது என்று யாராவது கூர்ந்து பார்த்து எழுதினால் வினாத்தாள் சதவீதத்தைவிட அது ஆயிரம் மடங்கு உதவும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. ஊர் நூலகம் எந்த மொழிக்கு எவ்வளவு வாங்குகிறது, அந்தத் தலைப்புகளை எந்த எழுத்தில் பட்டியலிடுகிறது? மாங்காய்க்கு நோய் வந்தால் கிருஷ்ணகிரி விவசாயி பையூர் ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்கிறாரா, மருந்துக் கடைக்காரரைக் கேட்கிறாரா, யூடியூப்பைப் பார்க்கிறாரா? அதியமான் ஆண்ட தகடூர் மண் முழுக்க நடுகற்கள். அவை பற்றிய செய்தி நாளிதழ் துணுக்குகளிலும் அறிக்கைகளிலும் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஊர்வாரியாக அடைவு செய்வது அசல் நூலகர் வேலை. இவற்றுக்கு நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்கும் இதழ் காத்திருக்கவில்லை. ஐந்து நாள் இதழிலும் இவை வரப்போவதில்லை, ஒரு வாரத்தில் எழுதுகிற விஷயம் இல்லை இவை.

தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' என்ற இதழை நடத்துகிறது. எங்கோ ஒரு வயலோரத்தில் கிடைத்த துண்டுக் கல்வெட்டுக்கும் அதில் இடம் உண்டு. தேடுகிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதால் எழுதுகிறவர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். அது ஆண்டுக்கு ஒன்றுதான். நூலகவியலில் தமிழில் ஒன்று தொடங்குவதாக இருந்தாலும் அப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கும். கணக்கு எளிது. ஓர் இதழுக்கு எட்டுக் கட்டுரை, கட்டுரைக்கு இரண்டு மதிப்பாய்வாளர் என்று வைத்தால் ஆண்டிதழுக்கு 16 மதிப்பாய்வு வேண்டும். சேலம் முதல் ஓசூர் வரை தேடினால் அத்தனை பேரைப் பிடித்துவிடலாம். காலாண்டிதழ் என்று அறிவித்தால் 64 வேண்டும். அது கிடைக்காது. இரண்டாம் ஆண்டில் ஆசிரியரே எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துப் போட ஆரம்பிப்பார், நல்ல எண்ணத்தோடு தொடங்கிய இதழும் மதிப்பாய்வைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.